முடைக்குச் சொன்ன விலை

விற்பதாக எவரிடமும் சொல்லாத ஒரு பொருளுக்கு, அழைக்காமலே வந்த ஒருவர் அதன் பெறுமானத்தில் பாதிக்கும் குறைவாக விலை சொல்வது அறத்துக்குப் புறம்பானதா, அவ்வாறு கேட்கப்பட்டவர் என்ன மறுமொழி கூறக் கடமைப்பட்டவர் என்னும் வினா, மேலோட்டமாகப் பார்த்தால் சந்தைக்குரிய சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும் பிறர் பொருளை விரும்புதல், வாய்மை, பற்று, வாக்குக் காத்தல் ஆகியவை பற்றிச் சமயங்கள் தனித்தனியே பேசியவை எல்லாம் இந்த ஒரே இடத்தில் ஒன்றோடொன்று முட்டுகின்றன. கேட்கப்படும் பொருள் உழவுக் கருவியாக இருக்கும்போது வினா இன்னும் கூர்மை பெறுகிறது. ஏனெனில் டிராக்டரும் பவர் டில்லரும் உழவருக்கு முதலீடாக இருப்பதோடு வழிபடு பொருளாகவும் இருக்கின்றன. ஆயுத பூஜையன்று கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டப்படும் ஒரு வண்டியை, அடுத்த மாதமே ஒருவர் வந்து பழைய இரும்பு என்று சொல்லும்போது, சொன்ன தொகையைக் காட்டிலும் சொன்ன விதமே உரிமையாளரைச் சுடுகிறது.

மதுரைக்கு வடமேற்கே, வைகையின் வடகரைப் பக்கம், திண்டுக்கல் சாலையை ஒட்டி இருக்கும் விளாங்குடி இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடம். 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியின் எல்லை விரிவடைந்தபோது அதனுள் சேர்க்கப்படும் வரை அது தனிப் பேரூராட்சியாக இருந்தது. நகரம் வளர வளர வயல்கள் வீட்டுமனைகளாக மாறிவந்த ஊர்களில் அதுவும் ஒன்று. நிலம் மனையாக மாறினால் கிணற்று மோட்டாரும், கொத்துக் கலப்பையும், சேற்று உழவுக்குப் பூட்டும் இரும்புச் சக்கரங்களும் வேலையிழந்து வீட்டின் பக்கவாட்டில் ஒதுங்குகின்றன. சுற்றுவட்டச் சமவெளியில் இன்னும் நெல் விளைகிறது என்றாலும் அது தண்ணீர் திறப்பை நம்பிய விளைச்சல். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவரப்பட்ட நீரும், 1959 முதல் வைகை அணையில் தேக்கப்படும் நீரும் சேர்ந்து, பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கு, அதாவது ஆண்டுக்கு இருமுறை நெல் பயிரிடும் நிலங்களுக்கு, விடப்படுகின்றன. அணையில் நீர் குறைந்து முதல்போகத் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் உழவு வாடகை நின்றுவிடுகிறது, வங்கித் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆனி மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. அழையா விலை பெரும்பாலும் இந்த நேரம் பார்த்துத்தான் வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் அதே வண்டிக்கு நாள் முழுதும் வாடகை இருக்கும், அப்போது உரிமையாளர் அத்தகைய விலையைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார் என்பதைக் கேட்க வருபவர் நன்கு அறிவார்.

விலை கேட்கும் முறையையும் சற்று அருகிலிருந்து நோக்க வேண்டும். வருபவர் சாலையோரத்தில் தம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, முதலில் மழையையும் அணையின் நீர்மட்டத்தையும் பற்றிப் பேசுகிறார். பேச்சோடு பேச்சாகப் பின் டயரின் தேய்மானத்தைக் கட்டைவிரலால் தடவி அளக்கிறார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதில் ஒட்டிய எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து பார்க்கிறார். வண்டி ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரைக் குனிந்து நோக்குகிறார். பின்னர், “சும்மாதானண்ணே நிக்குது, குடுத்துருவோமா?” என்று தொடங்கி, கிளட்ச் போய்விட்டது, டயர் நான்கும் மாற்ற வேண்டும், இந்த மாடலுக்கு இப்போது உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, காயலான் கடைக்காரன்கூட யோசிப்பான் என்று அடுக்கிவிட்டு, இறுதியில் ஒரு தொகையைச் சொல்கிறார். அத்தொகையைத்தான் ஊர் வழக்கில் அடிமாட்டு விலை என்பர். உழவுக்கும் வண்டிக்கும் இனி ஆகாது என்று கழிக்கப்பட்டு இறைச்சிக்குப் போகும் மாட்டுக்குக் கிடைக்கும் விலை என்பது அதன் பொருள்.

இங்கே இரண்டு செயல்கள் ஒன்றாகக் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. ஒருவர் தம் கையிருப்புக்கு ஏற்ப, அல்லது பழுதுபார்க்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, குறைவாகக் கேட்பது ஒரு செயல். உரிமையாளருக்குப் பணமுடை இருப்பதை மோப்பம் பிடித்து, அம்முடை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு விலையை இறக்குவதும், அதற்குத் துணையாகப் பொருளைப் பற்றிப் பொய் சொல்வதும் மற்றொரு செயல். முதலாவது பொருளுக்குச் சொன்ன விலை. இரண்டாவது முடைக்குச் சொன்ன விலை. தொகை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால்தான் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, குறைத்துக் கேட்பவர் எல்லாரும் தீயவர் என்றோ, வியாபாரம் என்றால் அப்படித்தான் என்றோ இரு முனைகளில் ஒன்றுக்குப் போய்விடுகின்றனர். இரண்டு முடிவுமே பிழை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மதுரை வட்டாரத்தில் உழவுக் கருவி வணிகத்துக்கும் சமயத்துக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. கிடாரிப்பட்டியை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில், சமண முனிவர்கள் படுப்பதற்கு அமைத்துத் தரப்பட்ட இடத்தின் மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் கொடையாளர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் உப்பு விற்றவரும் துணி விற்றவரும் இருப்பதோடு, கொழு வணிகர் ஒருவரும் இடம்பெறுகிறார். கொழு என்பது மரக்கலப்பையின் நுனியில் செருகப்படும் இரும்பு முனை. மண்ணைக் கிழிப்பது அதுவே, தேய்வதும் அதுவே, ஆகவே உழவர் மீண்டும் மீண்டும் வாங்க வேண்டியிருந்த பொருளும் அதுவே. உழவரின் தேவையில் பிழைத்த அந்த வணிகர் தம் ஈட்டத்தில் ஒரு பகுதியை எதையும் உடைமையாகக் கொள்ளாத துறவியருக்கு ஈந்தார். அவர் எந்த விலைக்கு விற்றார், முடைப்பட்ட உழவரிடம் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அவர் யாருக்குப் படுக்கை அமைத்துத் தந்தாரோ அந்தச் சமணர்களின் அறநூல், பிற்காலத்தில் இந்த வினாவை நேருக்கு நேர் எடுத்துப் பேசியது.

சமண இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சிறு நோன்புகள் அணுவிரதம் எனப்படும்; அவற்றுள் மூன்றாவது கள்ளாமை, அதாவது பிறர் கொடாததைக் கொள்ளாமை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இந்நோன்பை முழுதும் முறிக்காமல் மாசுபடுத்தும் குற்றங்களாக ஐந்தைக் குறிப்பிடுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அளவையில் ஏமாற்றுதல், போலிப் பொருளைக் கலத்தல் ஆகிய நான்கும் எவரும் எதிர்பார்க்கக் கூடியவை. எஞ்சிய ஒன்று, குலைந்துபோன அல்லது பகைகொண்ட அரசின் நிலைமையைப் பயன்படுத்தி முறை மீறுதல். சர்வார்த்தசித்தி என்னும் தம் உரையில் இதை விளக்கும் பூஜ்யபாதர், அத்தகைய நாட்டில் பெருவிலைப் பொருள்கள் சிறுவிலைக்குக் கிடைக்கும் என்று கருதி முயல்வதையே இக்குற்றமாகக் காட்டுகிறார். நாடு குலைந்த காலத்தில் விற்பவருக்கு வேறு வழியில்லை. அந்த வழியின்மையை வாங்குபவர் ஆதாயமாக்கிக்கொள்வது, சட்டப்படி திருட்டாக இல்லாவிடினும், கள்ளாமை நோன்பின்மேல் படியும் மாசு என்று அவ்வுரை கருதுகிறது. பூஜ்யபாதரின் மாணவரான வச்சிரநந்தி ஐந்தாம் நூற்றாண்டில் தென்மதுரையில் திராவிட சங்கம் என்னும் துறவியர் அமைப்பை நிறுவினார் என்று தேவசேனரின் தர்சனசாரம் கூறுவதை ஏற்றால், இந்த நுண்ணிய அறக்கருத்து மதுரைக்கு அயலானது அன்று. தண்ணீர் திறக்காத ஆண்டு, போர் மூண்ட நாட்டைப் போன்றதே. அங்கும் விற்பவர் கை கட்டப்பட்டிருக்கிறது.

திருக்குறள் இதே பொருளை இரண்டு அதிகாரங்களில் அணுகுகிறது. வெஃகாமை என்னும் அதிகாரம், நடுவுநிலை தவறிப் பிறருடைய நற்பொருளை விரும்புவதைக் குடிகெடுக்கும் குற்றமாகக் கூறுகிறது. இங்கே விலக்கப்படுவது விருப்பம் முழுவதும் அன்று, நடுவு இல்லாத விருப்பமே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இல்லாவிடில் எந்தச் சந்தையும் நடைபெற இயலாது. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணிச் செய்வதே வணிகம் என்று கூற, அதற்கு உரை எழுதிய பரிமேலழகர், கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாதபடி ஒத்துப் பார்த்துச் செய்வதே அதன் பொருள் என விளக்குகிறார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலையும் இதே கருத்தையே சொல்லுகிறது. அந்நூல் அவ்வணிகரின் நடுநிலை நெஞ்சுக்கு உவமையாக எடுத்துக்கொண்டது தராசுக் கோலை அன்று, நுகத்தடியின் நடுவில் செருகப்படும் ஆணியை. இரண்டு மாடுகளின் இழுப்பும் சமமாக வந்து சேரும் புள்ளி அது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு மாட்டின் கழுத்து புண்ணாகும். வணிக அறத்துக்கு அளவுகோல் தேடிய ஒரு பழம்புலவர் அதை உழவுக் கருவியிலேயே கண்டெடுத்தார் என்பது, பழைய டிராக்டரின் விலையைப் பேசும் இக்காலத்தவர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

எனினும் இந்த வினாவின் உட்பகுதிக்கு மிக ஆழமாகச் செல்வது பௌத்த ஜாதகக் கதைகளுள் மூன்றாவதாக வரும் சேரிவணிகர் கதையே என்று துணிந்து கூறலாம். ஜாதகம் என்பது புத்தர் தம் முற்பிறவிகளில் போதிசத்துவராக வாழ்ந்ததைச் சொல்லும் கதைத் தொகுதி. அக்கதையில், அந்தபுரம் என்னும் நகரத்தில் ஒரு வணிகக் குடும்பம் நொடித்துப்போய், பாட்டியும் பேத்தியும் மட்டும் கூலிவேலை செய்து பிழைக்கின்றனர். வீட்டில் பழைய பாத்திரங்களுக்கிடையே அழுக்கேறிய ஒரு தட்டு கிடக்கிறது. அது பொன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெருவில் அணிமணி விற்றுவந்த ஒருவரிடம், இதை எடுத்துக்கொண்டு பெண்ணுக்கு ஏதேனும் ஒரு நகை தரும்படி பாட்டி கேட்கிறாள். அவர் தட்டின் அடியில் ஊசியால் கீறிப் பார்க்கிறார், பொன் என்று தெரிந்துகொள்கிறார். தெரிந்தபின், இது அரைக் காசும் பெறாது என்று தரையில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து ஒன்றுமே கொடுக்காமல் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதே தெருவுக்குப் பின்னர் வந்த மற்றொரு வணிகராகிய போதிசத்துவர், தட்டைக் கையில் வாங்கிய உடனே, அம்மா, இது நூறாயிரம் பெறும், இதற்கு ஈடாகத் தர என்னிடம் பணமில்லை என்கிறார். பாட்டியோ, முன்பு வந்தவர் அரைக் காசு பெறாது என்றார், உம் நல்வினையால் இது பொன்னாகியிருக்க வேண்டும், எடுத்துக்கொண்டு உம்மால் முடிந்ததைத் தாரும் என்கிறாள். அவர் தம்மிடமிருந்த ஐந்நூறு காசையும் ஐந்நூறு பெறும் சரக்கையும் கொடுத்து, தராசையும் பையையும் படகுக் கூலிக்கு எட்டுக் காசையும் மட்டும் தமக்கென வைத்துக்கொள்கிறார்.

இக்கதையை நேர்மையான வணிகன் வென்றான், பேராசைக்காரன் அழிந்தான் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நூறாயிரம் பெறும் பொருளுக்கு போதிசத்துவர் கொடுத்தது ஆயிரம். நூற்றில் ஒரு பங்கு. வெறும் தொகையை வைத்துப் பார்த்தால் இதைவிடக் குறைந்த விலைக்கு எடுத்துக்காட்டுத் தேடுவது கடினம். அப்படியிருந்தும் கதை அவரைக் குற்றமற்றவராகவே காட்டுகிறது. ஏன் என்பதற்கு விடை அவருடைய ஒரே வாக்கியத்தில் இருக்கிறது: பொருளின் பெறுமானத்தைத் தாமாகவே முன்வந்து சொன்னார், தம் இயலாமையையும் மறைக்காமல் சொன்னார். பாட்டி கொடுத்தது தெரிந்தே கொடுத்தது. முதல் வணிகர் ஒரு தொகைகூடச் சொல்லவில்லை; ஆயினும் குற்றம் முழுவதும் அவர்மேல் விழுகிறது, ஏனெனில் ஊசியால் கீறித் தெரிந்துகொண்ட உண்மையை அவர் வாயால் அழித்தார். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்து, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று தமக்குள் முடிவு செய்துகொண்டு, எஞ்சின் போய்விட்டது என்று வெளியே சொல்பவரும் அதே தட்டைத்தான் தரையில் எறிகிறார். கிளட்ச் உண்மையாகவே தேய்ந்திருந்து, அதை மாற்ற ஆகும் செலவைச் சொல்லி, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது என்று கேட்பவரோ, எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், அந்த வரிசையில் சேரமாட்டார்.

மதுரையின் சொந்தப் புராணமும் இதற்குச் சான்று தருகிறது. திருவிளையாடற் புராணத்தின் மண்சுமந்த படலத்தில், வைகைக் கரையை அடைக்கத் தன் பங்குக்கு ஆளில்லாமல் தவித்த வந்தி என்னும் முதியவளிடம் சிவபெருமான் கூலியாளாக வருகிறார். அவளிடம் காசு இல்லை. தான் விற்கும் பிட்டையே கூலியாகத் தருகிறேன் என்கிறாள், உதிர்ந்த பிட்டு உனக்கு என்று பேசிக்கொண்டதாக மக்கள் வழக்கு கூறும். ஒரு நாள் மண் சுமப்பதற்கு அது மிகக் குறைந்த கூலி என்பதில் ஐயமில்லை. ஆனால் வந்தி அந்தக் கூலியாளை மட்டம் தட்டிப் பேசவில்லை, அவர் தோள்வலிமையில் குறை காணவில்லை. தன்னிடம் இருப்பதைச் சொன்னாள், அவ்வளவே. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் புட்டுத்தோப்பில் இந்நிகழ்ச்சி கொண்டாடப்படுவதால், நேர்மையாகச் சொல்லப்பட்ட குறைந்த விலையைத் தெய்வமே ஏற்றுக்கொண்டது என்ற செய்தி மதுரையாருக்குப் புதிதன்று.

இக்காலச் சட்டம் இந்த அளவுக்கு உள்ளே செல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 25ஆம் பிரிவின் விளக்கத்தில், ஈடு போதாது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்கத் தடையின்றி இசைந்தால் அதுவும் ஒப்பந்தமே என்று எடுத்துக்காட்டும் தருகிறது. அதே வேளை, ஈட்டின் போதாமையைக் கொண்டு, இசைவு உண்மையாகவே தடையற்றதாக இருந்ததா என்பதை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறது. சட்டம் கதவை முழுதும் மூடவில்லை. ஆயினும் அக்கதவைத் தட்ட வழக்கறிஞரும் வாய்தாக்களும் வேண்டும், வாய்ப்பேச்சில் முடிந்த பழைய ரோட்டவேட்டர் விற்பனைக்காக எவரும் நீதிமன்றம் போவதில்லை. ஆகவே இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு அறத்தின்மேல் விழுகிறது.

இசைவு தடையற்றதாக இருக்க வேண்டுமானால் விற்பவருக்குச் சந்தை நிலவரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மிகத் தெளிவாக உணர்ந்தது இஸ்லாமிய மரபு. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் தடை செய்தார். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து சேர்ந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுவார் என்று சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள நபிமொழி கூறுகிறது. வண்டி நிற்கும் கொட்டகைக்கே தேடிவந்து, உரிமையாளர் நாலு பேரிடம் விசாரிப்பதற்கு முன்பே, இப்போதே ரொக்கம், பொழுது சாய்ந்தால் இந்த விலை கிடையாது என்று அவசரப்படுத்துவது, பாலைவனத்தில் சரக்குக் கூட்டத்தை எதிர்கொண்டவர் செய்ததற்கு எவ்வகையிலும் மாறானதன்று. சிலப்பதிகாரத்துக் கோவலனின் நிலையும் இதனோடு ஒட்டி எண்ணத்தக்கது. புகாரில் எல்லாம் இழந்து மதுரைக்கு வந்தவன், மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்கப்போன இடத்தில், முன்பின் அறியாத ஒரே ஒரு பொற்கொல்லனின் மதிப்பீட்டை நம்பி நின்றான். அந்தத் தனிமையே அவனை வீழ்த்தியது. முடைப்பட்ட விற்பனையாளர் ஒரே ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி நிற்கும் நிலையை மதுரை மறக்கவே கூடாது.

இதுவரை கேட்பவரின் அறம் பேசப்பட்டது. கேட்கப்பட்டவரின் அறம் இதனினும் கடினமானது, ஏனெனில் அவருக்குச் சினம் இயல்பாகவே வருகிறது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டி, ஆறேழு ஆண்டு தவணை அடைத்து, அதன் வருவாயில் மகளுக்குத் திருமணமும் செய்த ஒருவருக்கு, வண்டியைப் பழித்தல் தம் உழைப்பையே பழித்ததாகப் படுகிறது. இந்த இடத்தில் சமயங்கள் பற்று என்று சொல்லும் ஒன்றைத் தயக்கமின்றி நினைவூட்ட வேண்டியுள்ளது. நினைவுகளின் மதிப்பு உண்மையானது. ஆனால் அதை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது. பத்து ஆண்டு ஓடிய வண்டிக்கு, பெற்ற பிள்ளைமேல் வைக்கும் பாசத்தைப் போன்ற பாசத்தையும் சேர்த்து விலை சொல்பவரும் நுகத்தாணியை ஒரு பக்கம் நகர்த்தியவரே. எனவே, எவரும் கேட்டு வருவதற்கு முன்பே, வண்டியைப் பற்றி நன்கறிந்த மெக்கானிக் ஒருவரிடமும், பழைய வண்டி வாங்கி விற்கும் இடம் ஒன்றிலும், அண்மையில் அதே மாடலை விற்ற ஊரார் ஒருவரிடமும் விசாரித்து, இதற்குக் கீழே கொடுப்பதற்கில்லை என்ற ஒரு தொகையைத் தமக்குள் முடிவு செய்து வைத்திருப்பது வெறும் வியாபார சாமர்த்தியம் அன்று. அது பற்றையும் சினத்தையும் ஒருங்கே அடக்கும் பயிற்சி. பெறுமானம் தெரிந்தவரை அடிமாட்டு விலை அவமதிக்க முடியாது; அவருக்கு அது தவறான ஒரு மதிப்பீடு, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதனடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசும் வழக்கம் இங்கே சிந்தனைக்குரியது. சுற்றி நிற்பவர்க்கு விலை தெரியக் கூடாது என்பதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதனால் விளையும் மற்றொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அது ஊர் நடுவே சொல்லப்பட்ட இழிவாக மாறுவதில்லை, மறுத்தவரும் கேட்டவரும் முகம் கோணாமல் விலகிக்கொள்கின்றனர். டிராக்டர் விற்பனையில் அந்தத் துண்டு இல்லை. பேச்சு திறந்த வெளியில், பக்கத்து வீட்டார் காது கேட்க, சில நேரம் பிள்ளைகளின் முன்னிலையில் நடக்கிறது. ஆகவே மறுமொழியே துண்டின் வேலையைச் செய்தாக வேண்டும். வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, “அந்த வெலைக்குக் கட்டாதுப்பா” என்று ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்வது நாட்டுப்புறத்துப் பெரியவர்கள் பலருக்குக் கைவந்த நாகரிகம். விளக்கம் கேட்டாலும் குடும்பத்தின் கடனையோ தவணை நிலுவையையோ அங்கே அவிழ்க்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. உண்மை பேசும் கடமை, உள்ளதை எல்லாம் சொல்லும் கடமை ஆகாது.

ஆயினும் இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. நல்ல விலை கிடைத்தால் விற்கலாம் என்ற எண்ணம் உள்ளவர், விலையை ஏற்றுவதற்காக, விற்கும் எண்ணமே இல்லை என்று சொல்லலாமா? பேரத்தில் இது எல்லாரும் சொல்வதுதான் என்பர். எல்லாரும் சொல்வதால் அது உண்மையாகிவிடாது. தீமை இல்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த அளவுகோலைக் கொண்டு, இதனால் எவருக்கும் தீமையில்லை என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் அந்த அளவுகோல் பிறர் துன்பத்தைத் தவிர்க்கச் சொல்லப்பட்டதே தவிர, தம் ஆதாயத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்லப்பட்டதன்று. இந்த விலைக்கு விற்கும் எண்ணமில்லை என்பது முழு உண்மை, அதே வேலையையும் செய்கிறது. வாங்க வந்தவர் வண்டியைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று எதிர்பார்ப்பவர், தம் மனத்தைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்பது முறை.

பழுதுகளைச் சொல்வது பற்றியும் இதே கண்டிப்பு வேண்டும். அடிமாட்டு விலை கேட்டவரிடம் குறைகளை எடுத்துச் சொன்னால் அவர் கையில் ஆயுதம் கொடுத்ததாகாதா என்று கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்றே கூறுகிறது. ஆனால் பிரேக் பிடிக்காத வண்டி டிரெய்லரில் சுமையேற்றித் திண்டுக்கல் சாலையில் இறங்கினால் உயிர் போவது வாங்கியவருடையது மட்டும் அன்று, சாலையில் போகும் எவருடையதாகவும் இருக்கலாம். உயிரைத் தொடும் பழுதைக் கேளாமலே சொல்லிவிட வேண்டும். ஹைட்ராலிக் தூக்கும் திறன் குறைந்திருப்பது போன்ற, வேலையை மட்டும் தொடும் பழுதைக் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர் குறைத்துக் கேட்டார் என்பதற்காக விற்பவரின் கடமை குறைவதில்லை.

விலை படிந்தபின் எழும் கடமைகளுள் ஒன்றைச் சட்டமே வற்புறுத்துகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்றில் பெயர் மாறும் வரை, வண்டி எவர் கையில் இருந்தாலும், பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாக்கியது. பணத்தை எண்ணிக்கொடுத்துவிட்டு, ஆர்சி புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டிச் செல்பவரிடம் வண்டியை விடுவது, தொகை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் செயல். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கடன் தீர்ந்த சான்று வராமல் கைமாற்றுவதும் அத்தகையதே.

எஞ்சியிருப்பது மிகக் கடினமான நிலை. முடையின் அழுத்தத்தில் குறைந்த விலைக்கு இசைந்து அச்சாரம், அதாவது பேச்சை உறுதிப்படுத்தும் முன்பணம், வாங்கிய மறுநாளே வேறொருவர் வந்து கணிசமாகக் கூட்டிக் கேட்டால் என்ன செய்வது? வாக்கு மாறாமைக்கு அரிச்சந்திரனை மேற்கோளாகக் காட்டி, எந்த நிலையிலும் முதல் வாக்கையே காக்க வேண்டும் என்று விடை கூறுவது எளிது. ஆனால் அரிச்சந்திரனிடம் வாக்குப் பெற்றவர் பொருளின் பெறுமானத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. ஆகவே இங்கும் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிமையாளர் தாமே சரியாக விசாரிக்காமல் குறைத்துச் சொல்லிவிட்டார் என்றால், இழப்பு அவருடையது. முதலில் வந்தவருக்கே வண்டி போக வேண்டும். முதலில் வந்தவர் எஞ்சின் பழுது என்று தெரிந்தே பொய் சொல்லி அந்த இசைவைப் பெற்றார் என்றால், சந்தைக்கு வந்து சேர்ந்த சரக்கு வணிகருக்கு உள்ள உரிமை இவருக்கும் உண்டு. அந்த வாக்கு அவரைக் கட்டாது. அப்போதும் அச்சாரத்தைக் குறையாமல் திருப்பித் தருவதோடு, எதனால் திருப்பித் தருகிறோம் என்பதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். வீட்டில் சம்மதிக்கவில்லை என்ற வழக்கமான சாக்கைச் சொல்லி அனுப்புவது, அவர் எஞ்சினைப் பற்றிச் சொன்ன பொய்க்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.